நாற்பத்தெட்டில் ஒன்று

வெள்ளம் வடிந்து மூன்றாம் நாள்
கைலாசபுரத்து வீட்டைத் திறந்தோம்.
சிலிண்டர் மிதந்துபோய்
குளியலறைக் கதவில் முட்டி நின்றது
உள்ளே ஆள் இருப்பதுபோல.
அடுப்பைக் காணோம்.
தேடினால் கட்டிலுக்கடியில்,
கால் நாலும் மேலே.
பக்கத்தில் யார் வீட்டுத் தோசைக்கரண்டியோ.

"தூரப் போடுங்கக்கா," என்றான் ரிப்பேர் மிக்கேல்.
"காலையிலேருந்து இது எட்டாவது அடுப்பு.
ஆத்தையே உள்ள வச்சிருக்கு."
கோயம்புத்தூரிலிருந்து மகளும் அதையே சொன்னாள்,
கொஞ்சம் கோபமாக.
தவணை முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறதென்று
இருவரிடமும் சொல்லவில்லை.

சோடா உப்பு இருந்தது. வெந்நீர் வேண்டும்.
வெந்நீர் போட அடுப்பு வேண்டும்.
மாடியிலிருந்து பாத்துமுத்து
கரண்ட் வந்ததும் கெட்டிலில் காய்ச்சி
ஏழு நடை இறங்கி வந்து ஊற்றினாள்.
தாங்கிகள் வாளிக்குள் ஊறின.
குழாயைத் தலைகீழாய்த் தட்டினேன்.
காப்பித்தூள் நிறத்தில் வண்டல் விழுந்தது,
பிறகு ஒரு நத்தை,
உயிரோடு.
அதை வாறுகால் ஓரமாக விட்டுவிட்டு வந்தேன்.

பித்தளைப் பர்னருக்குப் புளி.
பிறகு ஊக்கை எடுத்து
கண் கண்ணாகக் குத்தினேன்.
முப்பத்தொன்றில் தாசில்தார் ஆபீஸ் ஆள் வந்து
ஆதார் நகல் கேட்டான்.
திரும்ப ஒன்றிலிருந்து.
நாற்பத்தெட்டு.
இத்தனை நாள் அதன்மேல் பொங்கியவள்
இன்றைக்குத்தான் எண்ணுகிறேன்.

ஜெட்டில் மட்டும் ஊக்கைக் காட்டவில்லை.
குத்தினால் விரியும்,
விரிந்தால் தீ தன் அளவை மறக்கும்.
வாய் வைத்து ஊதினேன்.
நாக்கில் ஆற்று ருசி.
கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து
குழாயில் குடிக்கிற ருசிதான்.

புறவாசலில் சரக் சரக்கென்று சத்தம்.
இவர் தோசைக்கல்லைச் செங்கல்லால் தேய்க்கிறார்.
"நடுவுல தேய்க்காதீங்க!"
கத்தியது தெருவுக்கே கேட்டிருக்கும்.
"துருவைத்தாம்ளா எடுக்கேன்."
துருவும் கருப்பும் இவருக்கு ஒன்று.
விளிம்பில் சிவந்திருந்தது துரு.
நடுவில் இருந்த கருப்பு நான் சுட்டது.
ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு நாளைக்கு அறுபது தோசை,
ஐந்து வருஷம்.
அதில் ஒரு உள்ளங்கை அளவு
வெள்ளையாகிப் போயிருந்தது.

ஒன்றும் பேசாமல்
புளித்த கஞ்சியில் கல்லை ஊறப்போட்டார்.
அப்புறம் சுவரைப் பார்த்தபடி நின்றார்.
தண்ணீர் விட்டுப்போன கோடு
அவர் தோளுக்கு மேலே ஒரு சாண்.

சாயந்திரம் புது ஹோஸ் மாட்டி
சோப்பு நுரை தடவிப் பார்த்தோம்.
கொப்புளம் இல்லை.
தீப்பெட்டி நமுத்திருந்தது.
பாத்துமுத்து லைட்டரோடு எட்டாவது நடை வந்தாள்.
பற்றியது.
நாற்பத்தேழு நீலம்,
ஒன்று மட்டும் மஞ்சள்,
சாய்ந்து, நீளமாக.
"மிக்கேலுக்குப் போன் அடிக்கவா?"
"கெடக்கட்டும்."

பாளையங்கோட்டை நாத்தனார் மாவு கொடுத்தனுப்பியிருந்தாள்.
வெங்காயத்தைப் பாதியாய் அறுத்து
நல்லெண்ணெயில் முக்கித் தேய்த்து
புகைய விட்டு, ஆற விட்டு, மறுபடி புகைய விட்டு,
முதல் தோசை அந்த உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.
இரண்டாவதும்.
மூன்றாவது கிழிந்தபடி எழும்பி வந்தது.
ஆளுக்குப் பாதி.

பல்லில் ஒரு மணல் கடிபட்டது.
இவருக்கும் கடிபட்டிருக்கும்,
மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினார்.

சுரண்டி எடுத்ததெல்லாம் அந்தக் கரண்டியால்தான்.
மரப்பிடி, பிடியில் சூடு வைத்து
'கோ' என்று ஒரு எழுத்து.
கழுவித் துடைத்து ஜன்னல் கம்பியில் மாட்டினேன்,
தெருவில் போகிறவர்கள் பார்க்கிறமாதிரி.